வால்டர் ஹோல்ராய்டின் ஐம்பத்தொன்பதாவது வயது

ஸ்கார்பரோ
12 ஜனவரி 1986

அன்பு மகள் ஜூடித்துக்கு அப்பா எழுதுவது.

இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளை நீலும் எப்படி இருக்கிறீர்கள்? கனடாவில் உங்கள் பக்கம் மைனஸ் முப்பது என்று இங்கே லண்டன் ரேடியோவில் சொன்னான். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

முப்பத்துநாலு வருஷம் இந்த ஊரில் பஸ் ஓட்டினவன் நான். போகிற இடத்தை முன்னாலேயே போர்டில் எழுதிவிட்டுக் கிளம்புவதுதான் பழக்கம். ஆனால் இந்தக் கடிதத்தை மூன்று தடவை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். உன் அம்மா போய் ஏழு வருஷம் ஆகிவிட்டது. போன அக்டோபரிலிருந்து சர்ச் கூடத்தில் புதன்கிழமை மத்தியானம் நடக்கிற நடனத்துக்குப் போய் வருகிறேன். டீ, கேக், மூன்று பேர் வாத்தியக் கோஷ்டி. சிரிக்காதே. அங்கே டோரீன் பிக்கர்டன் என்று ஒரு அம்மாளின் காலை மிதித்துவிட்டேன். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவள். விதவை. "மன்னிச்சுக்குங்க" என்றேன். "பரவாயில்ல, இன்னொரு காலும் இருக்கு" என்றாள். அன்றிலிருந்து புதன்கிழமைக்கு நான் சட்டை இஸ்திரி போடுகிறேன்.

இனி சொல்லப்போவதுதான் கஷ்டம். அன்றைக்கே அவள், "உங்களுக்கு என்ன, ஒரு அறுபது இருக்குமா?" என்று கேட்டாள். அறுபத்தெட்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அடுத்த வருஷம்" என்று வெளியே வந்துவிட்டது. வந்த வார்த்தையை மறுபடி உள்ளே இழுக்க ரிவர்ஸ் கியர் கிடையாது.

இதில் உனக்கும் ஒரு சின்ன மாறுதல் உண்டு. எனக்கு ஐம்பத்தொன்பது, உனக்கு நாற்பத்தொன்று என்றால் நான் பதினெட்டு வயதில் தகப்பனாகி இருக்க வேண்டும். அது அசிங்கமாக இருக்குமே என்று உனக்கு முப்பத்திரண்டு என்று சொல்லிவைத்திருக்கிறேன். பெண்பிள்ளைக்கு இது ஒரு நஷ்டமா என்ன?

நீலுக்கு என் அன்பு. பதில் போடு.

உன் அப்பா
வால்டர்

*

சஸ்கட்டூன்
2 பிப்ரவரி 1986

அன்புள்ள அப்பா,

முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா, அல்லது ஐம்பத்தொன்பது வயதுக்காரருக்கு முழங்கால் வலிக்காது என்று வீட்டிலேயே இருக்கிறீர்களா? நான் சுகம். குளிர் பழகிவிட்டது.

உங்களுக்கு ஒரு துணை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அம்மாவும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் என்னைக் கேட்காமல் என் ஒன்பது வருஷத்தை எடுத்துவிட்டீர்களே, எந்த ஒன்பது? ஆசிரியர் வேலை நிரந்தரமானது அதில்தான் வருகிறது. அம்மாவை அடக்கம் செய்தது அதில்தான் வருகிறது. குடல்வால் ஆபரேஷனை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா, அடுத்த புதன்கிழமையே சொல்லிவிடுங்கள். ஒரு டீ குடிக்கிற நேரம். சிரித்து மறந்துவிடுவார்.

அன்புடன்
ஜூடித் (41)

*

ஸ்கார்பரோ
23 பிப்ரவரி 1986

அன்பு மகளுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசு மட்டும் நாலு கால் பாய்ச்சலில் போகிறது. நீங்கள் இருவரும் சுகம்தானே?

சொல்லத்தான் போனேன். சத்தியமாக. நானும் டோரீனும் ஏறின பஸ்ஸை சிட் ஓட்டிக்கொண்டிருந்தான். நான் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த பயல்.

"என்னய்யா வால்டர், அட்டை எங்க? அரை டிக்கெட்தானே உனக்கு?"

"முழு டிக்கெட் கிழி."

"ஏன்யா, குதிரை எதுவும் ஜெயிச்சுச்சா?"

"சிட், பின்னால ஜனம் நிக்குது. டிக்கெட்டக் குடு."

டோரீன் பக்கத்தில் நின்றுகொண்டு கடலைப் பார்த்தாள். காதில் விழவில்லை என்று நினைக்கிறேன். முதியோர் அட்டை பைக்குள் இருந்து என் தொடையைச் சுட்டது. அந்த வேர்வையோடு கூடத்துக்குப் போனால் அங்கே காதலர் தின ஜோடனை, சிவப்புப் பலூன். ஆட்டம் நடுவில் நின்றதும் எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. மேடையில் ஏறி மைக்கைப் பிடித்து, எண்பது பேர் முன்னால், "டோரீன், என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டுவிட்டேன். டிரம் அடிக்கிறவன் வேறு சும்மா இருக்காமல் ஒரு உருட்டு உருட்டினான்.

அவள் பலூனைப் பார்த்தாள், எண்பது பேரையும் பார்த்தாள். பிறகு அவள், "சரி" என்றாள். எண்பது பேரும் கை தட்டினார்கள். நான் இறங்கும்போது முழங்கால் மடங்கிப் பலூன் மேல் உட்கார்ந்தேன்.

ஜூன் 21, சனிக்கிழமை. கூடத்துக்குச் சொல்லியாயிற்று, முப்பது பேருக்கு ஹாமும் சாலடும் சொல்லியாயிற்று. இனித் திருமணப் பதிவு அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பேர், வயது, ஏற்கெனவே மணமானவரா என்றெல்லாம் எழுதிச் சுவரில் மூன்று வாரம் ஒட்டிவைப்பார்கள். நல்லவேளையாக, ஒரே ஊர்க்காரர்கள் என்றால் இரண்டு பேரில் ஒருவர் போனால் போதும்.

"நான் போய்க் குடுத்துட்டு வந்துடறேன், டோரீன்."

"இந்த முழங்காலோட எதுக்கு? நான் போறேன்."

"எட்டுப் படிதானே."

"எட்டுப் படின்னா எட்டு மலை உங்களுக்கு. நான் போறேன்னா போறேன்."

"ஐம்பத்தொன்பது வயசுக்காரனுக்கு மலையா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ரெண்டு பேருமே அப்புறம் போலாம்" என்றாள். அதோடு நிற்கிறது. சுவரில் ஒட்டினால் யார் போய்ப் படிக்கப் போகிறார்கள்? அவள் கூட வராமல் இருந்தால் போதும் எனக்கு.

மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வந்து சேர்.

உன் அப்பா

*

ஸ்கார்பரோ
16 மார்ச் 1986

அன்புள்ள ஜூடித்துக்கு,

முன்பின் தெரியாத ஒருத்தி எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். குளிர் நாட்டில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் அப்பா நன்றாக இருக்கிறார். ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் அப்பாவுக்கு அறுபத்தெட்டு என்று எனக்குத் தெரியும். முதல் மாதமே தெரிந்துவிட்டது. ஒருநாள் டீ குடிக்கும்போது, 1942இல் பாலைவனத்தில் ராணுவ லாரி ஓட்டிய கதையைச் சொன்னார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அவர் சொல்கிற வயதுப்படி அப்போது அவருக்குப் பதினைந்து! பதினைந்து வயதுப் பையனிடம் பீரங்கிக் குண்டு ஏற்றிய லாரியை யார் கொடுத்தது என்று கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை. அந்த ஐம்பத்தொன்பதை அவர் புதுச் சட்டை மாதிரி போட்டுக்கொண்டு வருகிறார். நடனத்தில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறார். பஸ்ஸில் முழு டிக்கெட் எடுக்கிறார். கழற்றுங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என்னைப் பார்த்து ஒருவர் வயிற்றை இழுத்துக்கொண்டு ரொம்ப நாள் ஆகிறது.

எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிய வேண்டாம். நீங்கள் இங்கே வரும்போதும் தயவுசெய்து காட்டிக்கொள்ளாதீர்கள். இதை யாரிடமும் சொல்வதில்லை என்று எனக்கு வாக்குக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. தேதி விஷயத்தில் அவர் அவசரப்படுகிறார். அடுத்த வருஷம் செய்தால் என்ன? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார். என் கணவர் ரெஜ் இல்லாத வீட்டில் ஆறு வருஷம் இருந்தாயிற்று. இரண்டு பேருக்குச் சமைத்துப் பாதியைக் கொட்டுவது இன்னும் நிற்கவில்லை. இன்னும் ஒரு வருஷம் பெரிய விஷயமில்லை.

அன்புடன்
டோரீன் பிக்கர்டன்

*

சஸ்கட்டூன்
30 மார்ச் 1986

அன்புள்ள அப்பா,

இன்றைக்கு ஈஸ்டர். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? பனி இன்னும் முட்டளவு கிடக்கிறது இங்கே.

மைக் விஷயம் படித்துச் சிரித்தேன். பிறகு டோரீன் அந்த நிமிஷம் எப்படி நின்றிருப்பார் என்று யோசித்தேன். சிரிப்பு வரவில்லை. எல்லார் முன்னாலும் கேட்டால் ஒரு பெண் வேறு என்ன சொல்வாள், அப்பா?

வயதைச் சொல்லிவிடுங்கள். அவர் வருத்தப்பட மாட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள். கல்யாணத்தையும் அடுத்த வருஷம் வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

அன்புடன்
ஜூடித்

*

ஸ்கார்பரோ
20 ஏப்ரல் 1986

அன்பு மகளுக்கு,

சௌக்கியம் விசாரித்திருந்தாய். ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறதாம். ஏறாமல் என்ன செய்யும்?

அடுத்த வருஷமாம்! எனக்கு அறுபத்தெட்டு, ஜூடித். நீகூட அதை மறந்து பேசுகிறாயா? வாழைப்பழம் வாங்கும்போதுகூட இப்போதெல்லாம் காயாக வாங்குவதில்லை நான்.

பதிவு அலுவலகத்துக்கு விசாரிக்கப் போனேன். இரண்டு பேரும் முன்பு கல்யாணமானவர்கள் என்றால் இறந்தவர்களின் சான்றிதழ் வேண்டும் என்றாள் அங்கே இருந்த பெண். உன் அம்மாவுடையது அலமாரியில் இருக்கிறது. டோரீனிடம் கேட்டேன்.

"அது ஃபைலில, மேபல் வீட்டுல இருக்கு." ஃபைலி பக்கத்து ஊர், மேபல் அவள் தங்கை. வியாழக்கிழமைதோறும் பஸ் பிடித்துத் தங்கையைப் பார்க்கப் போவாள்.

அடுத்த வாரம்: "மேபலுக்கு இருமல். பரண்ல ஏற முடியல."

அதற்கடுத்த வாரம்: "பெட்டி கிடைச்சுது. சாவிதான் இல்ல."

"நான் வந்து பூட்ட உடைக்கிறேன்."

"ஒண்ணும் வேண்டாம். அது எங்க அம்மா குடுத்த பெட்டி."

"பெட்டி வேணுமா, கல்யாணம் வேணுமா?"

"ஏன் இப்படிக் கத்தறீங்க? எல்லாரும் பாக்கறாங்க."

கத்தியது தப்புதான். ஆனால் ஒரு காகிதத்துக்கு ஒன்றரை மாதம்! ஹாம் கடைக்காரன் எத்தனை பேர் என்று கேட்கிறான், டிரம்காரன் எந்தப் பாட்டு என்று கேட்கிறான், ஊரே தேதி கேட்கிறது. எல்லாருக்கும் பல்லைக் காட்டுவது என் வேலை.

போன வெள்ளிக்கிழமை டிப்போ கேன்டீனுக்குப் போயிருந்தேன். சிட் எதிரே வந்து உட்கார்ந்தான். ஃபைலி ரூட் அவனுடையது.

"உன் ஆளு வியாழக்கிழமை எங்கய்யா போறா?"

"தங்கச்சி வீட்டுக்கு. ஃபைலிக்கு."

"ஃபைலிக்கா? ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கிடுதே அந்தம்மா. அங்க வயல்தான் இருக்கு, ஒரே ஒரு பெரிய கட்டடம். கையில கேக் டப்பா. உதட்டுச் சாயம் வேற."

நான் கடித்த சாண்ட்விச் அப்படியே நின்றது. சிட் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

கேட்க வேண்டியதுதானே என்பாய். எப்படிக் கேட்பேன்? "உண்மையச் சொல்லு டோரீன்" என்று நான் ஆரம்பித்து, "மொதல்ல நீங்க சொல்லுங்க" என்று அவள் திருப்பினால்? என் பொய் என் வாயையே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று. நான் படிக்காதவன்தான், ஆனால் கண் தெரியும். உன் இரண்டு கடிதத்திலும் நீல் பேர் இல்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்திலும் உன் கையெழுத்து மட்டும்தான். என்ன விஷயம் கண்ணு?

உன் அப்பா

*

சஸ்கட்டூன்
4 மே 1986

அன்புள்ள அப்பா,

ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை கொடுத்தார்களா? விடாமல் போடுங்கள்.

நீல் நவம்பரில் என்னை விட்டுப் போய்விட்டார். வாரத்தில் மூன்று நாள் வேறு ஊரில் வேலை என்று இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். வேலை இல்லை. வீடு இருந்தது, அதில் ஒரு பெண் இருந்தாள். நான் அவர் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். உங்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான். அழுது முடித்தாயிற்று.

அதனால்தான் சொல்கிறேன். ஒரு பெண் வேறு இடத்தில் இறங்குகிறாள் என்றால் எங்கே என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். நான் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.

அன்புடன்
ஜூடித்

*

ஸ்கார்பரோ
25 மே 1986

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்த அன்று தோட்டத்தில் ரொம்ப நேரம் நின்றேன். அவன் கல்யாணத்தில் எனக்குக் கை கொடுத்தபோதே கை ஈரமாக இருந்தது. இப்போது சொல்லி என்ன? தனியாக இருக்காதே. வேலைக்குப் போ, சாப்பிடு. வரவேண்டும் போல இருந்தால் உன் அறை அப்படியே இருக்கிறது.

இங்கே ஒரு வாரமாகக் கடல்பனி. வேலிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பச்சை பிடிக்கவில்லை என்றார். அவர் பக்கத்தைப் பழுப்பாக அடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். மாத்திரை போடுகிறேன்.

விமான டிக்கெட் எடுத்துவிட்டாயா? எடுக்காவிட்டால் அவசரமில்லை.

அப்பா

*

சஸ்கட்டூன்
5 ஜூன் 1986

அப்பா,

நான் நலம். நீங்கள் நலமில்லை. ஒரு முழுப் பக்கம் வேலிக்குப் பெயின்ட் அடித்திருக்கிறீர்கள், டோரீன் பேர் ஓர் இடத்தில்கூட இல்லை. வியாழக்கிழமை எங்கே போகிறார்? பார்த்துவிட்டீர்கள், இல்லையா?

ஜூடித்

*

ஸ்கார்பரோ
22 ஜூன் 1986

அன்பு ஜூடித்துக்கு,

உடம்பு பரவாயில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

நேற்று என் கல்யாண நாள். வீட்டில் தனியாக உட்கார்ந்து முட்டை பொரித்துச் சாப்பிட்டேன்.

பார்த்தேன். மே பதினைந்து, வியாழக்கிழமை. முந்தின பஸ்ஸில் போய் அந்த ஸ்டாப்புக்கு எதிரே மரத்துக்குப் பின்னால் நின்றேன். அறுபத்தெட்டு வயதில் மரத்துக்குப் பின்னால்! ஒரு நாய் வந்து என்னையும் மரமென்று நினைத்துவிடுமோ என்று பயந்துகொண்டே நின்றேன். அவள் இறங்கினாள். கேக் டப்பா. உதட்டுச் சாயம். அந்தப் பெரிய கட்டடத்துக்குள் போனாள். உள்ளே எவனோ ஒருவன் இருக்கிறான், அவன் மூக்கை உடைப்பது என்று நானும் போனேன். அது நோயாளி முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம்.

வாசலில் தலைமை நர்ஸ் பிடித்துக்கொண்டாள். "என்ன வேணும்?"

"எங்க அப்பாவுக்கு ஒரு அறை பாக்க வந்தேன்." வேறென்ன சொல்வது?

"அப்பாவுக்கு என்ன வயசு?"

"தொண்ணூத்தொண்ணு."

"உங்களுக்கு?"

"ஐம்பத்தொன்பது." வாய் பழகிவிட்டது.

கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தாள். "தரைத்தளத்துல ரெண்டு கட்டில் அறை ஒண்ணு காலியாகுது. அப்பாவும் பிள்ளையும் சேந்தே வந்துடலாம்."

வருகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாள். எனக்கு மேலே இருந்த வரியில் மை காயவில்லை. டோரீன் பிக்கர்டன். பார்க்க வந்தது ரெஜினால்ட் பிக்கர்டனை. உறவு என்ற இடத்தில், மனைவி. பக்கத்தைப் புரட்டினேன். போன வியாழன், அதற்கு முந்தின வியாழன், எல்லாவற்றிலும் அதே கையெழுத்து. நான் சிட் பேரை எழுதினேன்.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். நாற்காலியில் ஒரு மனுஷன். அவள் அவருக்குத் தலை வாரிவிட்டு, கேக்கை உதிர்த்துக் கரண்டியில் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். அவர் சன்னலைத்தான் பார்த்தார்.

"பக்கவாதம்" என்றாள் நர்ஸ். "ஆறு வருஷமாச்சு. யாரையும் தெரியாது. அந்தம்மா ஒரு வியாழக்கிழமை தவறினதில்ல."

விதவை என்றாளே! மேபல் என்றாளே, இருமல் என்றாளே, சாவி என்றாளே! நான் அந்தச் சாவிக்காக ஒன்றரை மாதம் தூக்கம் கெட்டேன். புருஷனை உயிரோடு வைத்துக்கொண்டு எண்பது பேர் முன்னால் "சரி" என்றவள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் போலீஸ் வந்திருக்கும். மூக்கை உடைக்கலாம் என்று போனவனுக்குக் கோபப்படக்கூட அங்கே ஆள் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அவளிடம் காய்ச்சல் என்று சொல்லிவைத்திருக்கிறேன். சூப் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். கதவைத் திறக்கவில்லை. கல்யாணம் தள்ளிப்போனதற்கு என் காய்ச்சல்தான் காரணம் என்று ஊர் நினைக்கிறது. கூடத்துக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், ஜூலை ஒன்பதாம் தேதி திறக்கிறார்கள். அன்றைக்குப் போய் எல்லாவற்றையும் மேசை மேல் வைத்து முடித்துவிடப் போகிறேன். என் வயது உட்பட.

அப்பா

*

சஸ்கட்டூன்
1 ஜூலை 1986

அன்புள்ள அப்பா,

அவசரத் தபாலில் அனுப்புகிறேன். ஒன்பதாம் தேதிக்குள் கிடைக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

முடித்துவிடுங்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவருடைய கஷ்டம் பெரிதுதான், மனசு நோகிறது. ஆனாலும் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். எட்டு மாதம் நேரம் இருந்தது.

உங்களுக்குப் பேச வாய் அடைக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு வாக்கை மீறுகிறேன். மார்ச்சில் டோரீன் எனக்கு எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் வயது அவருக்கு முதலிலிருந்தே தெரியும். அதனால் பயப்பட ஒன்றுமில்லை. நேராகச் சொல்லுங்கள், நேராகக் கேளுங்கள், எழுந்து வந்துவிடுங்கள்.

அன்புடன்
ஜூடித்

*

ஸ்கார்பரோ
13 ஜூலை 1986

அன்பு மகள் ஜூடித்துக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். எனக்குக் கொதிப்பு இறங்கியிருக்கிறது.

உன் கவர் புதன்கிழமை காலையில்தான் வந்தது. கூடத்துக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். உன்னுடையதை ஒரு தடவை, அவளுடையதை மூன்று தடவை. இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன். முப்பத்துநாலு வருஷம் மற்றவர்களுக்கு ஸ்டாப் சொன்னவன்.

முதலில் வெட்கம். பாலைவன லாரிக் கதையை நான் அவளிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் குண்டு அதிகமாக. அவள் ஒவ்வொரு தடவையும் "அய்யோ, அப்புறம்?" என்று கேட்டாள். பஸ்ஸில் சிட் கத்தியதும் அவள் காதில் விழுந்துதான் இருக்கிறது. கடலைப் பார்க்கிறேன் பேர்வழி என்று திரும்பிக்கொண்டிருக்கிறாள்.

பிறகு அந்த மைக். நீ ஈஸ்டரிலேயே எழுதினாய், எனக்குத்தான் ஏறவில்லை. என் புருஷன் உயிரோட இருக்கார் என்று அந்தப் பலூனுக்கும் டிரம்முக்கும் நடுவில் எப்படிச் சொல்லுவாள்? தனியாகக் கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பாள். நான் தனியாகக் கேட்கவில்லை. பஸ்ஸில் பட்ட அவமானத்துக்கு இளவட்டம் என்று காட்ட மேடை ஏறினேன்.

சொல்லப்போனால் எனக்கு ஒரு மனைவி வேண்டியிருந்தது, ஜூடித். காலையில் எதிரே உட்கார்ந்து செய்தித்தாளின் பாதியைப் பிடுங்கிக்கொள்ள ஓர் ஆள். அது இனி நடக்காது. ரெஜ் நன்றாக இருக்கட்டும், அவருக்கு என் மேல் என்ன பகை? ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நீ சொன்னபடி நேராகச் சொல்லி, கேட்டு, எழுந்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவள் அழுதிருப்பாள். என் முகத்தில் இனி விழிக்க மாட்டாள். வியாழக்கிழமைதோறும் கேக் எடுத்துக்கொண்டு போவாள், புதன்கிழமைதோறும் வீட்டில் இருப்பாள். நீல் உன்னிடம் பொய் சொன்னது உன்னை விட்டுப் போவதற்கு. இவள் அப்படியில்லை. நானும் அப்படியில்லை. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும்.

அவள் ஓரத்து மேசையில் உட்கார்ந்திருந்தாள். நீலக் கவுன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"காய்ச்சல் விட்டுச்சா? சூப் குடிச்சீங்களா?"

"குடிச்சேன். உக்காரு டோரீன். ஒரு கெட்ட செய்தி."

கையிலிருந்த கோப்பையை வைத்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. தெரிந்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

"என்ன?" என்றாள்.

"பதிவு ஆபீசுல என் பிறப்புச் சான்றிதழக் கேக்கறாங்க. நான் பொறந்த ஊர்ல பழைய ரிஜிஸ்டர் எல்லாம் யுத்தத்துல குண்டு விழுந்து எரிஞ்சு போச்சு."

"எரிஞ்சு போச்சா?"

"சாம்பல்கூட இல்ல. லண்டன்ல தேடணுமாம். அங்கயும் இல்லைன்னா சாட்சி புடிக்கணுமாம்."

"என்ன சாட்சி?"

"நான் பொறந்தத நேர்ல பாத்தவங்க."

"அவங்க யாராவது இருக்காங்களா இப்ப?"

"மருத்துவச்சி ஒருத்தி. அப்பவே அவளுக்கு வயசாயிடுச்சு."

சிரிப்பை அடக்கியதில் அவள் மூக்கு நுனி சிவந்தது. பிறகு கண் நிறைந்துவிட்டது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவன் வயது வெளியே தெரியக் கூடாது என்பதற்காகக் கல்யாணத்தையே விடுகிறான், இப்படியும் ஒரு வீம்பா என்று நினைக்கிறாள் என்பது அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. என்னை மன்னித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தொண்டை வரை வந்தது, ஃபைலி, கேக், கண்ணாடிக் கதவு எல்லாம். டீயைக் குடித்து உள்ளே தள்ளினேன். மன்னித்துவிட்டுப் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

"எவ்வளவு நாளாகும்?" என்றாள்.

"வருஷக் கணக்குல ஆகலாம், டோரீன். ஊர்ல யாராவது கேட்டா எல்லாம் என் சான்றிதழாலதான்னு சொல்லிடு."

அவள் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மேசை மேல் இருந்த என் கையைப் பிடித்தாள்.

"ஆகட்டும். நமக்கென்ன அவசரம்? உங்களுக்கு இன்னும் அறுபதுகூட ஆகலையே."

"ஆமா" என்றேன்.

உன் அப்பா
வால்டர்